கப்பலில் குதிரை இல்லை

துஸ்கோல் ரயில்நிலையக் குடியிருப்பு
4 நவம்பர் 1997

ராய்ஹானுக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் நலம். ஒரே ஒரு குறை, போன வெள்ளிக்கிழமை நான் டெலிவிஷனில் வந்துவிட்டேன்.

பத்து வருஷமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது, அதனால் தப்பு இருந்தால் உன் தொழிலில் செய்வது போலத் திருத்திப் படித்துக்கொள். போன் செய்யலாம் என்றால் தாமிரத்துக்காகக் கம்பியை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

உன் தொடர் ‘பறவைப்பாதை’ வரும் நாளில் ஊர் முழுக்க ரபிகாவின் டீக்கடையில்தான் இருக்கும். வேலை செய்கிற பெட்டி அவளிடம்தான் உண்டு. ‘நம்ம பொண்ணு எழுதினது’ என்று சொல்லி நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். விண்வெளியில் போகிற கப்பலுக்கு எதற்குக் கொதிகலன், அதற்கு எதற்குக் கரி அள்ளிப் போட ஒரு ஆள் என்று முதலில் நான்தான் அதிகம் சிரித்தேன். அந்த ஆள் சர்க்கரைக் கட்டியை முன்பல்லில் கடித்துக்கொண்டு டீ குடித்தான். கொதிகலனைத் தட்டி, “மாமியாரே, கோபப்படாதீங்க” என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நிலையத்துக் கொதிகலனிடம் நான் அப்படித்தான் பேசுவேன் என்பது ஊருக்கே தெரியும். வாயிலிருந்த சர்க்கரைக் கட்டியை அப்படியே விழுங்கிவிட்டேன்.

அப்புறம் அவன் தன் சொந்தத் தம்பியின் முகத்தில் இரும்புக் குழாயால் அடித்தான். கண் போயிற்று. ‘வால்வு வெடித்தது’ என்று கப்பல் முழுக்கப் பொய் சொன்னார்கள்.

ரபிகா கெண்டியைக் கீழே வைத்தாள். “துய்செனுக்குக் குதிரை உதைச்சுதுன்னுதானே சொன்னீங்க, தொக்தார்?”

என் தம்பி துய்செனின் மூத்த மகன் எர்போல் கடைசி பெஞ்சில் இருந்தான். ராணுவத்திலிருந்து திரும்பியிருக்கிறான், தோள் கதவு அகலம். அவனுக்கும் குதிரை என்றுதான் சொல்லி வளர்த்திருக்கிறோம். அவன் டீயைக் குடிக்காமல் எழுந்து போனான். நான் வீட்டுக்கு வருவதற்குள் என் ஜன்னல்கள் உடைந்திருந்தன. உன் அண்ணி கண்ணாடியைக் கூட்டிக்கொண்டே, “டெலிவிஷன்ல நல்லா நடிச்சீங்களாமே” என்றாள்.

அந்த அண்ணன் தம்பி சண்டையை அடுத்த பாகத்தில் கொஞ்சம் சரிசெய்ய முடியுமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

தொக்தார்


அல்மாத்தி
13 நவம்பர்

தொக்தார் அண்ணனுக்கு,

அது நீங்கள் இல்லை. அது ஒரு கதாபாத்திரம். அதில் உங்களைப் பார்த்தால் அது பார்க்கிறவர்கள் பிரச்சினை.

மேலே எழுதியதைக் கிழித்துப் போடப் பார்த்தேன். இருக்கட்டும். ஆமாம், அது நீங்கள்தான்.

நாற்பது நாள் குழந்தையாக இருந்தபோது என்னை உங்கள் அப்பா மடியில் போட்டீர்கள். முதல் பிள்ளையைப் பெரியவர்களுக்குக் கொடுப்பது நம் வழக்கம், தெரியும். அவரைத்தான் நான் அப்பா என்று கூப்பிட்டேன். பெற்ற உங்களை அண்ணன் என்றேன், பெற்றவளை அண்ணி என்றேன். பக்கத்து வீட்டிலேயே இருந்துகொண்டு ஒரு நாளும் நீங்கள் என்னைத் தூக்கியதில்லை. பெரியவர்கள் முன்னால் சொந்தப் பிள்ளையைக் கொஞ்சக் கூடாதாம். சரி, அதையும் ஒப்புக்கொண்டேன்.

என்னைத் தோளில் வைத்துக்கொண்டு திரிந்தவர் துய்சென் அண்ணன். அப்பா செத்தபிறகு, கடைசி மகன் என்ற முறையில் அவர் வீடும் அடுப்பும் துய்சென் அண்ணனுக்கு வந்தன. அந்த அடுப்பின் பிள்ளையான நானும் அவரிடம்தான் இருந்திருக்க வேண்டும். நீங்களோ அப்பா செத்த நாற்பதாம் நாள் விருந்தில், இத்தனை வருஷம் கழித்து, “இது என் பிள்ளை” என்று வந்து நின்றீர்கள். அப்புறம் நடந்ததை நான் பார்த்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது, ஆனால் கண் இருந்தது.

நீங்கள் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. அடித்தீர்கள் என்று எழுதினேன். திருத்த ஒன்றும் இல்லை.

ராய்ஹான்


துஸ்கோல்
24 நவம்பர்

ராய்ஹானுக்கு,

பற்களைத் தவிர எல்லோரும் நலம்.

எர்போல் கொதிகலன் அறைக்கு வந்தான். கூட அவன் தம்பி சாபித். நான், “வாங்கப்பா, டீ போடட்டுமா” என்றேன். எர்போல் கரி அள்ளும் மண்வாரியைத் திருப்பிப் பிடித்து என் வாயில் ஒரு போடு போட்டான். முன்பல் இரண்டும் போயின. ஒன்று கிடைத்தது, இன்னொன்றை மாமியார் தின்றுவிட்டாள் என்று நினைக்கிறேன்.

விழுந்தபிறகு விலாவில் உதைத்தார்கள். சாபித்துக்கு மனசில்லை, பாவம், கரிமூட்டையைத்தான் அதிகம் உதைத்தான். எர்போல் என் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, கட்டைவிரலை என் இடது கண்மேல் வைத்து அழுத்தினான். அழுத்திக்கொண்டே பேசினான்.

“எங்க அப்பா இதே பக்கந்தான் குருடு, பெரியப்பா.”

“குதிரைப்பா,” என்றேன்.

“எந்தக் குதிரை? பேரு சொல்லுங்க.”

 பதினைந்து வருஷமாகப் பொய் சொல்கிறேன், ஒரு நாளும் அந்தக் குதிரைக்குப் பெயர் வைக்கத் தோன்றவில்லை, பார். இதுதான் என் படிப்பு.

அவன் விரலை எடுத்தான். “தொடர் முடியட்டும். கடைசியில என்ன காட்டறாங்கன்னு பாத்துட்டு வரேன். அதுவரைக்கும் கண்ணு உங்ககிட்டயே இருக்கட்டும்.”

இப்போது ஊர் முழுக்க உன் கடைசி பாகத்துக்குத்தான் காத்திருக்கிறது. துய்சென் பனிக்கால மேய்ச்சலில் ஆடுகளோடு இருக்கிறான். அவன் இதுவரை மகன்களிடம் குதிரை என்றேதான் சொல்லியிருக்கிறான். அண்ணனைக் காப்பாற்றச் சொல்கிறார் என்று அவர்களுக்கு நினைப்பு.

யோசித்துப் பார்த்தேன். அந்தக் கப்பலில் ஒரு குதிரையைச் சேர்க்க முடியாதா? சரக்கு அறையில் கட்டியிருக்கலாம். வேறு கிரகத்தில் விற்கக் கொண்டுபோகிறார்கள் என்று வை. கடைசி பாகத்தில் அது உதைத்தது என்று காட்டிவிட்டால் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். நல்ல கறுப்புக் குதிரையாக இருக்கட்டும். பெயரும் வைத்துவிடு.

தொக்தார்


அல்மாத்தி
3 டிசம்பர்

தொக்தார் அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை எங்கள் இயக்குநரிடம் படித்துக் காட்டினேன். குதிரை வந்ததும் சிரித்தார். நான் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

போலீசுக்குப் போங்கள். இல்லையென்றால் அண்ணியை அழைத்துக்கொண்டு எங்காவது கிளம்புங்கள். இங்கே என் அறை சின்னது, ஆனால் தரை இருக்கிறது.

கப்பலில் குதிரை இல்லை, அண்ணா. வைக்கவும் மாட்டேன். நான் பார்த்தது எனக்குத் தெரியும். விருந்துக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். முற்றத்தில் பனி. நீங்களும் துய்சென் அண்ணனும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு குதிரை கட்டும் இடத்தைச் சுற்றிச்சுற்றி வந்தீர்கள். அவர் தலையால் முட்டி உங்கள் மூக்கை உடைத்தார். நீங்கள் அவர் காதைக் கடித்தீர்கள். ஆமாம், கடித்தீர்கள், அதை நான் எழுதவில்லை, பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள் என்று. அப்புறம் குதிரை கட்டும் இரும்பு முளை மேலே வந்தது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். விரலிடுக்கில் வழிந்தது. அதன்பின் ஐந்து வருஷம் உங்கள் வீட்டில் சாப்பிட்டேன், ஒரு வாய்கூட ருசிக்கவில்லை.

கடைசி பாகத்தில் விமானி இஞ்சு கப்பலின் வெளிக்கதவைத் திறந்து அந்தக் கொதிகலன்காரனை, தன் தகப்பனை, வெளியில் தள்ளுகிறாள். எழுதி முடித்துவிட்டேன். எழுதும்போது எனக்கு நன்றாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

ஆனால் நிஜத்தில் உங்கள் கண் போக வேண்டாம். கிளம்புங்கள்.

ராய்ஹான்


துஸ்கோல்
12 டிசம்பர்

ராய்ஹானுக்கு,

என்னை வெளியில் தள்ளும்போது மேல்கோட்டோடு தள்ளச் சொல். அங்கே நம் ஊரைவிடக் குளிர் என்று கேள்வி.

போலீசுக்குப் போனேன். குடியிருப்புக்கு வருகிற போலீஸ்காரன் எர்போலோடு ஒரே படையில் இருந்தவன். “குடும்ப விவகாரம், பெரியவரே. டெலிவிஷனைக் கைது பண்ண முடியுமா?” என்று கேட்டான். ஊரைவிட்டுக் கிளம்பலாம்தான். நான் போனால் இந்தக் குளிரில் நிலையத்தை யார் சூடாக்குவது? மேலும் நான் ஓடினால் அவன் சரியென்று ஆகிவிடும்.

நம் நாய் அக்தோஸ் காலையில் வாசலில் சுருண்டு கிடந்தது. இடது கண்ணைத் தோண்டியிருந்தார்கள். இன்னும் உயிர் இருந்தது. என் சத்தம் கேட்டு வாலை ஆட்டியது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன் அண்ணி உள்ளே போகச் சொன்னாள். நான் போகவில்லை. அதன் தலையை மடியில் வைத்து நானே முடித்தேன்.

பிறகு புத்தி கெட்டுப்போயிற்று. கரிகிளறும் கம்பியை நெருப்பிலிருந்து உருவிக்கொண்டு நேரே துய்சென் வீட்டுக்கு நடந்தேன். வழியில் பாதி சூடு ஆறிவிட்டது, அது அவன் அதிர்ஷ்டம். எர்போலின் முன்கையில் வைத்தேன். தோல் கம்பியோடு வந்தது. அவன் கத்தவில்லை. என்னைத் தூக்கி வேலிமேல் எறிந்தான். வேலி உடைந்தது, என் இரண்டு விலாவும் கூட. ஐம்பத்து நாலு வயதில் பறந்திருக்கிறேன், உன் ஆட்கள் கயிறு கட்டித்தான் பறக்கிறார்களாம்.

“கடைசி பாகம்,” என்றான். “அவ்வளவுதான் பாக்கி.”

உன் அண்ணி எனக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள்: “இன்னும் எத்தனை நாள் வாய மூடிட்டு இருக்கப் போறீங்க?” பல் இல்லாதவன் வாயை மூடுவதுதான் அழகு என்றேன். அவள் சிரிக்கவில்லை.

தொக்தார்


அல்மாத்தி
21 டிசம்பர்

அண்ணா,

அண்ணி கேட்டது என்ன கேள்வி? எதைப் பற்றி வாயை மூடியிருக்கிறீர்கள்? பதில் எழுத வேண்டாம். எனக்குத் தெரிந்துவிட்டது.

நேற்று ஒத்திகை. ஐந்தாம் பாகத்தில் அந்தச் சண்டை ஒரு கணம்தான் வந்தது, குழாய், முகம், அலறல். கடைசி பாகத்தில் முழுதாக வர வேண்டும். எங்கள் சண்டைப்பயிற்சிக்காரர் சமாத் பழைய மல்யுத்தக்காரர். எழுதியதை எழுதியபடி நிற்கவைத்துப் பார்க்காமல் கேமராவைத் தொட விடமாட்டார். நான் எனக்கு ஞாபகம் இருந்ததை எழுதியிருந்தேன். அண்ணன் தம்பி இருவரும் இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். கடைசிவரை பிடி விடவில்லை. அது எனக்கு நன்றாக ஞாபகம், உங்கள் விரல் மூட்டுகள் வெள்ளையாக இருந்தன.

சமாத் நடிகரின் கைகளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். “ஏம்மா, ரெண்டு கையும் சட்டையில இருக்கு. அப்ப குழாய எதால பிடிச்சிருக்கான், பல்லாலயா?”

எல்லோரும் சிரித்தார்கள். “அப்புறம் இன்னொண்ணு. அடி கீழருந்து மேல போகுதுன்னு எழுதிருக்கீங்க. இவன் உங்க கொதிகலன்காரன், ஆறடி. கீழருந்து அடிக்கணும்னா குழிக்குள்ள நிக்கணும்.”

குழந்தை இஞ்சுவாக நடிக்கிற பெண் ஓரத்தில் மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். அவள் உயரத்தைப் பார்த்தேன்.

வெளியே போய் என் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தேன்.

அந்த முளை பனியில் கிடந்தது. நான் எடுத்ததும் உறைந்த இரும்பு உள்ளங்கைத் தோலில் ஒட்டிக்கொண்டது. விடவே முடியவில்லை. மறுநாள் அண்ணி என் இரண்டு கைக்கும் செம்மறிக் கொழுப்புத் தடவித் துணி சுற்றினாள், கிணற்றுக் கயிறு உரசிவிட்டது என்றாள். நானும் இத்தனை வருஷம் கயிறு என்றே நினைத்திருந்தேன். எப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை.

உங்களை அடிக்கத்தான் எடுத்தேன், அண்ணா. நீங்கள் என்னை இழுத்துக்கொண்டு போய்விடுவீர்கள் என்று. நீங்கள் இருவரும் சுற்றினீர்கள். உங்கள் முகம் இருந்த இடத்தில் அவர் முகம் வந்தது.

ராய்ஹான்


துஸ்கோல்
2 ஜனவரி 1998

ராய்ஹானுக்கு,

உன் குறி சின்ன வயதிலேயே மோசம். கல்லெறிந்தால் பக்கத்து வீட்டு வாத்துக்குத்தான் படும்.

விளையாட்டு போதும். நான் சொல்வதைக் கேள். நீ மறந்தது நல்லதுக்குத்தான். நாங்கள் மூன்று பேர், நான், அவன், உன் அண்ணி, அன்றைக்கே பேசி முடித்தோம். அவன் முகத்தில் துணியைப் பொத்திக்கொண்டு, “குதிரைன்னு சொல்லிடு” என்றான். அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை, ஆனால் அந்த ஒரு விஷயத்தில் இருவரும் வார்த்தை தவறவில்லை.

குழாயை என் கையிலேயே விடு. பழகிவிட்டது. பெரியப்பன் அடித்தான் என்றால் எர்போலுக்குப் பழிவாங்க ஒரு கிழவன் கிடைக்கிறான். நீ என்று தெரிந்தால் அவன் உன்னைத் தேடி வருவான். உனக்கு இரண்டு கண்ணும் வேண்டும், எழுதுகிறவள். எனக்கு எதற்கு? கரி கறுப்பு, அதை ஒரு கண்ணாலேயே பார்க்கலாம்.

என்னை வெளியில் தள்ளும் காட்சியை அப்படியே காட்டு. நன்றாகவே இருக்கும்.

தொக்தார்


அல்மாத்தி
12 ஜனவரி

அண்ணா,

இது கிடைக்கும் முன் நானே வந்துவிடலாம்.

வெளிக்கதவுக் காட்சியை எடுத்துவிட்டேன். இஞ்சு யாரையும் தள்ளவில்லை. கொதிகலன் அறையில் குழந்தை குழாயை எடுக்கிறாள், அடிக்கிறாள். வளர்ந்த இஞ்சு அதைத் தானே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், பிறகு சித்தப்பனிடம் போய்ச் சொல்கிறாள். முந்தைய பாகங்களில் அவளை வீராங்கனையாகவே காட்டினோம், இப்படி மாற்றினால் பார்க்கிறவர்களுக்குப் பிடிக்காது என்று இயக்குநர் கத்தினார். பிடிக்க வேண்டாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை ஒளிபரப்பாகும்போது நான் ரயிலில் இருப்பேன். சனிக்கிழமை காலை துஸ்கோலில் இறங்குகிறேன். எர்போல் என்னைத் தேடி அலைய வேண்டாம். நடைமேடையிலேயே இருப்பேன் என்று சொல்லிவிடுங்கள். துய்சென் அண்ணனிடம் நானே சொல்ல வேண்டும். டெலிவிஷன் சொன்னால் போதாது.

ராய்ஹான்


மாவட்ட மருத்துவமனை, ஆண்கள் வார்டு
20 ஜனவரி

ராய்ஹானுக்கு,

வார்டுகளுக்கு நடுவே நடை, அதற்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். தரை துடைக்கிற அம்மாளிடம் கொடுத்தனுப்புகிறேன். என் தாடையைத் துணியால் கட்டிவைத்திருக்கிறார்கள், பேச முடியாது. உன் அண்ணிக்கு இவ்வளவு நிம்மதியான வாரம் கல்யாணமான நாளிலிருந்து கிடைத்ததில்லை.

நீ மயங்கியபிறகு நடந்தது உனக்குத் தெரியாது. எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை கடையில் எர்போல் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தான். குழந்தை குழாயை எடுத்ததும் ரபிகா வாயைப் பொத்திக்கொண்டாள். எர்போல் என் பக்கம் திரும்பி, “அவளா?” என்றான். “குதிரை,” என்றேன். அவன் குத்தினான், தாடை அங்கேயே போயிற்று. ரபிகா அப்போதே துய்செனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறாள்.

உன் கடிதம் அன்று காலையே கிடைத்திருந்தது, மறுநாள் உன் அண்ணியின் தலைத்துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டு நடைமேடைக்கு வந்தேன். உன்னைத் தேடி அல்மாத்திக்குக் கிளம்பிய எர்போலும் சாபித்தும் அங்கே நின்றிருந்தார்கள். நீ இறங்கினாய். “எர்போல், நான்தான்” என்றாய். அதற்குமேல் சொல்ல அவன் விடவில்லை. ஈயம் வைத்த சாட்டைப்பிடியால் உன் தோளில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நீ சரளைக்கல்லில் விழுந்தாய். இரண்டாவது அடி உன் முகத்துக்கு வந்தது, நான் என் முகத்தைக் கொடுத்தேன். பயப்படாதே, கண் இருக்கிறது, வீங்கி மூடியிருக்கிறது, திறக்கும் என்கிறார் டாக்டர்.

மூன்றாவது அடி விழவில்லை. ஆட்டு லாரியிலிருந்து குதித்து வந்த துய்சென் சாட்டையைப் பிடித்துவிட்டான். மகனின் கையை முறுக்கி மண்டியிட வைத்தான்.

“அவதான் உங்க கண்ண எடுத்தா, அப்பா!”

“எனக்கு அன்னைக்கே தெரியும்டா. பன்னெண்டு வயசுக் குழந்தைடா அவ. உனக்கு என்ன வயசு?”

கேட்டுக்கொண்டே அதே சாட்டைப்பிடியால் அடித்தான். சாபித்தும் லாரிக்காரனும் சேர்ந்து இழுத்தும் நிற்கவில்லை. எர்போலின் காது கிழிந்தது, மூக்கு சாய்ந்தது. நான் போய்த் தம்பியின் இடுப்பைக் கட்டிக்கொண்ட பிறகுதான் நின்றான். மகனை அவனே ரயில்வே போலீசில் ஒப்படைத்தான்.

சனிக்கிழமையிலிருந்து அவன் நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். உன்னையும் வந்து பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. பெற்ற மகனை அடித்துவிட்டு எந்த வீட்டுக்குப் போவான்? என்னால் எழுந்திருக்க முடியாது. நீ நடக்கலாமாம். போ.

தொக்தார்


பெண்கள் வார்டு
20 ஜனவரி, மதியம்

அண்ணா,

ஒரு கப்பல் முழுக்க ஆட்களுக்கு வசனம் எழுதியவள் நான். அந்த பெஞ்சுக்கு ஒரு வரி வரவில்லை. கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன். அவர் என்னை அடித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. அடிக்கமாட்டார், அதுதான் பயம். என்னால் அவர் கண்ணும் போயிற்று, இப்போது மகனும் போனான்.

நாளைக்குப் போகிறேன். நீங்கள் பார்க்காதீர்கள்.

ராய்ஹான்


ஆண்கள் வார்டு
21 ஜனவரி

ராய்ஹானுக்கு,

பார்த்தேன். கதவு திறந்திருந்தது, கட்டில் நேரே இருக்கிறது, நான் என்ன செய்வது?

கையைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு சுவரோரமாக வந்தாய். வந்தவள் போய் அவனுக்கு இடது பக்கமாக உட்கார்ந்தாய். கண் இல்லாத பக்கம். அவன் நேரே பார்த்துக்கொண்டிருந்தான். முட்டாள் பெண்ணே, அவனுக்கு நீ வந்ததே தெரியாது, அந்தப் பக்கம் போ என்று கத்தப் பார்த்தேன். தாடை கட்டியிருக்கிறது, மாடு முனகுவது போல ஒரு சத்தம்தான் வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் எனக்கு வலி என்று நினைத்து நர்சைக் கூப்பிட்டார்.

நீ எழுந்திருக்கவில்லை. அழுதாயா, பேசினாயா, எனக்குத் தெரியவில்லை, உன் முதுகுதான் தெரிந்தது.  உன் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். சரி, எழுந்து போகப்போகிறான் என்று நினைத்தேன். எழுந்தும் விட்டான். இரண்டு கையாலும் முழங்காலை ஊன்றி, கிழவன் மாதிரி எழுந்தான். பெஞ்சைச் சுற்றி நடந்தான். உனக்கு மறுபக்கம் வந்து, உன்னைப் பார்க்க முடிகிற பக்கமாக, மறுபடி உட்கார்ந்தான்.

அந்த நேரம் பார்த்து நர்சு வந்து, குளிர்காற்று அடிக்கிறது என்று கதவைச் சாத்திவிட்டாள்.

என்ன சொன்னான்? தரை துடைக்கிற அம்மாள் சாயங்காலம் இந்தப் பக்கம் வருவாள். எழுதிக் கொடுத்தனுப்பு.

தொக்தார்